நீளக் கம்பியும் குட்டைக் கம்பியும்: ஸ்டியரிங் தண்டில் ஆட்டோமேட்டிக் கியர்

அமெரிக்காவில் நான் முதன்முதலாக ஓட்டியது வாடகைக்கு எடுத்த ஒரு பிக்கப் வண்டி. முன்னிருக்கை ஒரே பலகையாக, மூன்று பேர் நெருக்கமில்லாமல் உட்காரும்படி இருந்தது. தரையில் கியர் இல்லை. ஸ்டியரிங்கின் வலப்பக்கத்திலிருந்து ஒரு சாணுக்கு மேல் நீளமான கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதுதான் கியர் என்று தெரிந்துகொண்டு, பார்க்கிலிருந்து டிரைவுக்கு இழுத்துப் புறப்பட்டேன். இரண்டாவது சந்திப்பில் இடப்பக்கம் திரும்ப வேண்டியிருந்தது. நம் ஊரில் பல ஆண்டுகள் ஓட்டிப் பழகிய வலக்கை, யோசிக்காமல் அந்தப் பக்கத்துக் கம்பியை மேலே தள்ளியது. இண்டிகேட்டர் எரியவில்லை. எஞ்சின் இரைந்தது, வண்டி இழுக்கவில்லை. நான் தள்ளியது கியரை. வண்டி நியூட்ரலுக்குப் போயிருந்தது.

பின்னால் வந்தவர் பொறுமையாக நின்றதால் அன்று எதுவும் ஆகவில்லை. ஆனால் ஒரு கேள்வி மனத்தில் தங்கிவிட்டது. நியூட்ரலுக்கு அடுத்த இடம் ரிவர்ஸ். தள்ளிய வேகத்துக்கு வண்டி ஏன் ரிவர்சுக்குப் போகவில்லை? மறுநாள் நிறுத்திவைத்த வண்டியில் உட்கார்ந்து பத்துப் பதினைந்து முறை கம்பியை ஏற்றி இறக்கிப் பார்த்தபோது விடை கிடைத்தது. டிரைவிலிருந்து நியூட்ரலுக்குச் சும்மா தள்ளினால் போதும். நியூட்ரலைத் தாண்டி ரிவர்சுக்குப் போக, கம்பியை ஓட்டுநர் தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் ஏற்றவேண்டும். கம்பியின் அடியில் ஒரு படிக்கட்டுபோல வெட்டு இருக்கிறது. இழுக்காவிட்டால் கம்பி அந்தப் படியில் முட்டி நின்றுவிடும். பதறிய கை தள்ளும், அடிக்கும்; தன் பக்கம் இழுத்து மேலேற்றாது. யாரோ ஒரு பொறியாளர் அந்தப் பதற்றத்தை முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறார்.

ஸ்டியரிங் தண்டில் கியரை வைக்கும் வழக்கம் ஆட்டோமேட்டிக் கார்களில் இரண்டு தடவை பரவியிருக்கிறது. முதல் தடவை வந்தது இந்த நீளக் கம்பி. இரண்டாம் தடவை, நம் காலத்தில் வந்திருப்பது இண்டிகேட்டர் கம்பி அளவே உள்ள குட்டைக் கம்பி. 2005-இல் மெர்சிடஸ் பென்ஸ் தன் எம்-கிளாஸ், எஸ்-கிளாஸ் வண்டிகளில் அதைக் கொண்டுவந்தது. 2012-இல் வந்த டெஸ்லா மாடல் எஸ் மெர்சிடசின் அதே கம்பியைத்தான் வாங்கிப் பொருத்திக்கொண்டது. ஹூண்டாய் ஐயோனிக் 5 கம்பியின் நுனியைத் திருகும் வகையைக் கொண்டுவந்தது. அதே வகைக் கம்பியுடன் 2025-இல் வந்த கிரெட்டா எலெக்ட்ரிக், சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை ஆலையில் தயாராகிறது. ஆகவே இந்தக் கம்பியைப் பற்றிய பேச்சு இனி வெளிநாட்டுச் சமாசாரம் மட்டும் அல்ல. இரண்டு கம்பிகளும் உட்காரும் இடம் ஒன்று, செய்யும் வேலை ஒன்று. ஆனால் ஓட்டுகிறவரிடம் அவை கேட்பது ஒன்றல்ல. அதைத்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

நீளக் கம்பி ஏன் வந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். 1930-கள் வரை அமெரிக்கக் கார்களில் கியர் கம்பி தரையிலிருந்து முளைத்து, முன்னிருக்கையின் நடுவில் உட்காருபவரின் முழங்காலை இடித்துக்கொண்டிருந்தது. 1938-இல் போன்டியாக் அதை ஸ்டியரிங் தண்டுக்கு ஏற்றி, வேண்டியவர்களுக்குக் கூடுதல் விலையில் கொடுத்தது. ஓரிரண்டு ஆண்டுகளில் டெட்ராய்ட்டின் பெரும்பாலான கார்கள் அதற்கு மாறிவிட்டன. அப்போது இருந்தது கிளட்ச் மிதித்து மாற்றும் கியர்தான். 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் ஹைட்ராமேட்டிக் என்ற பெயரில் ஜெனரல் மோட்டார்ஸ் முழு ஆட்டோமேட்டிக் கியரைக் கொண்டுவந்தபோது, கம்பி ஏற்கெனவே தண்டில் இருந்தது, அங்கேயே தங்கிவிட்டது. நம் அம்பாசிடரிலும் பிரீமியர் பத்மினியிலும் இருந்த ஸ்டியரிங் கியர் இந்தக் குடும்பத்தின் கிளட்ச் கிளைதான். முன் இருக்கையில் டிரைவரோடு இரண்டு பேர் உட்கார்ந்து கல்யாணத்துக்குப் போனவர்களுக்கு, தரையில் கியர் இல்லாததன் அருமையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

1964-இல் ஃபோர்டு மஸ்டாங் வந்தது. தனித்தனி இருக்கை, நடுவில் தரையில் கியர். ஆட்டோமேட்டிக் வாங்கியவருக்கும் தரைக் கம்பிதான். பந்தயக் கார் ஓட்டும் தோரணை அதில் இருந்தது. அதன்பின் கார்களில் நீளக் கம்பி படிப்படியாகக் குறைந்து, பிக்கப், வேன், போலீஸ் வண்டி, டாக்சி என்று உழைக்கும் வண்டிகளில் நிலைத்தது. இதில் போலீஸ் வண்டியின் கதை பொருள் பொதிந்தது. 2011 வரை தயாரான ஃபோர்டு கிரவுன் விக்டோரியா போலீஸ் காரில் கியர் தண்டில் இருந்ததால், இருக்கைகளுக்கு நடுவில் ரேடியோ, சைரன் பொத்தான்கள், மடிக்கணினி எல்லாம் வைக்க இடம் கிடைத்தது. டாட்ஜ் சார்ஜரைப் பொதுமக்களுக்கு விற்றபோது கியர் தரையில் இருந்தது. அதே காரைப் போலீசுக்கு விற்றபோது கம்பியைத் தண்டுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். தோரணை வேண்டாதவர்கள் எதைக் கேட்டார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தெரியவில்லை.

குட்டைக் கம்பி திரும்பி வந்த காரணமும் அதே இடப்பிரச்சினைதான். இப்போது நடுவில் உட்காருவது மூன்றாவது ஆள் அல்ல. செல்போன், தண்ணீர் பாட்டில், கைப்பை. மின்சாரக் கார்களில் பேட்டரி தரைக்கடியில் போய்விட்டதால் தரை சமமாகிவிட்டது. அந்தச் சமதரையின் நடுவில் கியருக்காக ஒரு மேடை கட்டுவது வீண். ஜெனரல் மோட்டார்சின் பெரிய எஸ்.யூ.வி.யான செவர்லே டாஹோ 2021-இல் நீளக் கம்பியை விட்டுப் பொத்தான்களுக்குப் போனது; 2025-இல் மின்னணுக் கம்பியாக மறுபடி ஸ்டியரிங் தண்டுக்கே வந்துவிட்டது.

உள்ளே நடப்பதைப் பார்த்தால்தான் இரண்டுக்கும் உள்ள தூரம் புரியும். நீளக் கம்பியின் அடி, ஸ்டியரிங் தண்டைச் சூழ்ந்த ஒரு குழாயில் பொருத்தப்பட்டிருக்கிறது. கம்பியை ஏற்றி இறக்கினால் குழாய் சுழலும். குழாயின் அடியிலுள்ள கை ஓர் இரும்புத் தண்டையோ கேபிளையோ இழுக்கும். அது கியர்பெட்டியின் பக்கத்தில் இருக்கும் நெம்புகோலைத் திருப்ப, உள்ளே ஒரு வால்வு நகர்ந்து எண்ணெயின் அழுத்தத்தை முன்னோ பின்னோ திருப்பிவிடும். பார்க்கில் வைத்தால் எஃகுக் கொண்டி ஒன்று பல்சக்கரத்தின் பள்ளத்தில் விழுந்து பூட்டும். உங்கள் கையிலிருந்து அந்தக் கொண்டி வரை எல்லாம் இரும்பு. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பள்ளம். கம்பி அதில் விழும்போது ‘டக்’ என்று உள்ளங்கைக்குத் தெரியும். இருட்டிலும் கம்பி நிற்கும் உயரத்தைத் தொட்டே எந்த கியர் என்று சொல்லிவிடலாம். மீட்டர் பலகையில் எழுத்துகளுக்கு நேராக நகரும் முள்ளைக்கூட ஒரு மெல்லிய கம்பியிழைதான் இழுக்கும். வயதான வண்டிகளில் அந்த இழை தளர்ந்து முள் தப்பான எழுத்தைக் காட்டுவதுண்டு. சொந்தக்காரர்கள் கவலைப்படுவதில்லை. முள் பொய் சொன்னாலும் கை சரியாகச் சொல்லும்.

குட்டைக் கம்பிக்கும் கியர்பெட்டிக்கும் நடுவில் இரும்பே கிடையாது, மின்கம்பி மட்டும். மெர்சிடஸ் வகையில் மேலே தட்டினால் ரிவர்ஸ், கீழே தட்டினால் டிரைவ், நுனிப் பொத்தானை அழுத்தினால் பார்க். பாதித் தூரம் தட்டி நிறுத்தினால் நியூட்ரல். தட்டிவிட்டுக் கையை எடுத்ததும் கம்பி பழைய இடத்துக்கே வந்துவிடும். ஹூண்டாய் வகையில் கம்பியின் நுனி ஒரு குமிழ்போலச் சுழலும்: முன்பக்கம் திருகினால் டிரைவ், பின்பக்கம் திருகினால் ரிவர்ஸ், நுனியில் அழுத்தினால் பார்க். அங்கேயும் திருகிய குமிழ் திரும்பி வந்து நடுவில் நிற்கும். கம்பியைத் தட்டுவது ஒரு கோரிக்கை. கணினி வண்டியின் வேகத்தையும் பிரேக்கையும் பார்த்து அதை ஏற்கலாம், மறுக்கலாம். நூறு கிலோமீட்டர் வேகத்தில் மேலே தட்டினால் ரிவர்ஸ் விழாது.

என் பிக்கப் தவறையே குட்டைக் கம்பியில் வைத்துப் பாருங்கள். மெர்சிடஸ் கார்களில் வலப்பக்கம் கியர். இண்டிகேட்டரும் வைப்பரும் இடப்பக்கத்து ஒரே கம்பியில். நம் நாட்டின் மாருதி, டாட்டா கார்களில் வலப்பக்கம் இண்டிகேட்டர். இண்டிகேட்டர் கம்பி ஸ்டியரிங் சுற்றும் திசையிலேயே அசையும் என்பதால், வலப்பக்கக் கம்பியில் வலது திரும்பக் கீழேயும் இடது திரும்ப மேலேயும் தள்ளுவோம். மெர்சிடசில் அமர்ந்த பழைய கை வலது திரும்பக் கீழே தட்டினால் ஏற்கெனவே டிரைவில் இருக்கும் வண்டி டிரைவிலேயே இருக்கும்; ஒரு தொல்லையும் இல்லை. இடது திரும்ப மேலே தட்டினால் நியூட்ரலுக்குப் போய்விடும். நீளக் கம்பியிலும் குட்டைக் கம்பியிலும் ஒரே கையின் ஒரே தவறு ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடுகிறது. ஒன்றில் ரிவர்சுக்கு முன் தடுத்து நிறுத்துவது இரும்பில் வெட்டிய படி, மற்றொன்றில் கணினி. இதுவரை இரண்டும் சமம் என்றே சொல்வேன். திருகும் வகை இதில் இரண்டையும் மிஞ்சிவிடுகிறது. இண்டிகேட்டருக்காக யாரும் கம்பியைத் திருகுவதில்லை. தட்டப் பழகிய கை அதைத் தட்டினாலும் கியர் மாறாது. வைப்பர் வேகத்தை நுனியில் திருகிப் பழகியவர் மட்டும் முதல் சில நாள் கொஞ்சம் விழிப்பாக இருக்கவேண்டும்.

நியூட்ரல் ஏன் நடுவில் இருக்கிறது என்பதற்குப் பின்னால் ரத்தம் சிந்திய வரலாறு உண்டு. 1940-களிலும் 50-களிலும் ஜெனரல் மோட்டார்சின் பல வண்டிகளில் கம்பியின் வரிசை பார்க், நியூட்ரல், டிரைவ், லோ, ரிவர்ஸ் என்று இருந்தது. சேற்றிலோ பனியிலோ சக்கரம் புதைந்தால் லோவுக்கும் ரிவர்சுக்கும் மாற்றி மாற்றி வண்டியை ஆட்டி வெளியே எடுப்பது சுலபம் என்பது அதற்குச் சொன்ன காரணம். ஆனால் முன்னே போகும் கியருக்கு ஒட்டினாற்போல் ரிவர்ஸ் இருந்தால் என்ன நடக்கும்? முன்னால் போவோம் என்று நினைத்து மிதித்தவர் பின்னால் பாய்ந்தார். வேறு நிறுவனத்தின் காரிலிருந்து இதற்கு மாறியவருக்கு வரிசையே வேறாக இருந்தது. 1965-இல் ரால்ஃப் நாடர் கார்களின் ஆபத்துகளைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற புத்தகத்தில் இந்த வரிசைக் குழப்பத்தையும் எடுத்துக்காட்டினார். 1968 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த அமெரிக்கப் பாதுகாப்பு விதி எண் 102 இதற்கு முடிவு கட்டியது: முன்செல்லும் நிலைக்கும் பின்செல்லும் நிலைக்கும் நடுவில் நியூட்ரல் இருக்கவேண்டும், பார்க் இருந்தால் அது கோடியில், ரிவர்சுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும், கம்பி ஸ்டியரிங் தண்டில் இருந்தால் நியூட்ரலிலிருந்து டிரைவுக்குப் போகும் அசைவு கடிகாரம் சுற்றும் திசையில் இருக்கவேண்டும். குட்டைக் கம்பியில் கீழே தட்டினால் டிரைவ் என்பது இந்த விதியின் வாரிசு. வலப்பக்கக் கம்பிக்குக் கடிகாரத் திசை என்றால் கீழ்நோக்கித்தானே.

இனி, இந்த ஒப்பீட்டில் எனக்கு முக்கியமாகப்படும் இடத்துக்கு வருகிறேன். ஓட்டும்போது நடக்கும் தவறைவிட, நிறுத்தி இறங்கும்போது நடக்கும் தவறு கொடியது. ஓட்டும்போது கை ஸ்டியரிங்கிலும் கால் பிரேக்கிலும் இருக்கும். இறங்கியபின் வண்டிக்கும் ஆளுக்கும் நடுவில் ஒன்றுமில்லை.

நீளக் கம்பி இந்த இடத்தில் தவறியிருக்கிறது. 1970-களில் ஃபோர்டு ஆட்டோமேட்டிக் வண்டிகள் பார்க்கில் நிறுத்தியதாக நினைத்த பிறகு தாமாகவே ரிவர்சில் பாய்ந்தன என்ற புகார்கள் குவிந்தன. கம்பி பார்க் பள்ளத்தில் முழுக்க விழாமல், பார்க்குக்கும் ரிவர்சுக்கும் நடுவிலுள்ள மேட்டில் ஏறி நின்றுவிடும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும், ஓட்டுநர் இறங்கிக் கதவைச் சாத்துவார். அந்த அதிர்வு போதும், கம்பி ரிவர்ஸ் பக்கம் சறுக்க. உயிர்கள் போயின. 1980-இன் இறுதியில் அரசுக்கும் நிறுவனத்துக்கும் ஏற்பட்ட உடன்பாட்டில், வண்டிகளைத் திரும்பப் பெற்றுச் சரிசெய்வதற்குப் பதிலாக, 2 கோடிக்கும் மேற்பட்ட வண்டிகளின் சொந்தக்காரர்களுக்கு எச்சரிக்கைச் சீட்டு அனுப்பப்பட்டது. முகப்பில் ஒட்டிக்கொள்ளச் சொன்ன ஒரு ஸ்டிக்கர். உயிர் சம்பந்தப்பட்ட குறைக்கு அது போதாத பரிகாரம் என்பதே என் எண்ணம்.

ஆனால் அந்தத் தவறின் இயல்பைக் கவனியுங்கள். கை அசைந்தது, கம்பியும் அசைந்தது, கடைசி அரை அங்குலம் மட்டும் போகவில்லை. அந்த அரை அங்குலத்தைத் தேடிப் பார்க்க ஓட்டுநருக்கு வழி இருந்தது. கம்பியை இழுக்காமல் கீழே தட்டிப் பார்த்தால் போதும். பார்க்கில் சரியாக விழுந்திருந்தால் நகராது. பழைய பிக்கப் ஓட்டிகள் இறங்குமுன் கம்பியை அப்படி ஒரு தட்டுத் தட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

மின்னணுக் கம்பியின் தவறு வேறு மாதிரி. அதற்கான பெரிய உதாரணம் ஸ்டியரிங் தண்டில் நடந்ததல்ல, தரையில் நடந்தது. ஆனால் நடுவுக்குத் திரும்பி வந்துவிடும் கம்பி என்ற தத்துவம் ஒன்றுதான். 2014, 2015 மாடல் ஜீப் கிராண்ட் செரோக்கி, 2012 முதல் 2014 வரையிலான கிரைஸ்லர் 300, டாட்ஜ் சார்ஜர் கார்களில் எந்த கியர் போட்டாலும் கம்பி பழைய இடத்துக்கே திரும்பி நின்றது. பார்க் போட்டுவிட்டதாக நினைத்து இறங்கியவர்களின் வண்டிகள் உருண்டன. 2016 ஏப்ரலில் உலகெங்கும் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அந்த ஜூன் மாதம் ஹாலிவுட் நடிகர் ஆன்டன் யெல்ச்சின் லாஸ் ஏஞ்சலீசில் தன் வீட்டு வாசல் சரிவில், உருண்டுவந்த தன் கிராண்ட் செரோக்கிக்கும் மதில் தூணுக்கும் இடையில் சிக்கி இறந்தார். வயது 27. அந்தக் காரும் திரும்ப அழைக்கப்பட்ட பட்டியலில் இருந்த மாடல்.

இங்கே ஓட்டுநர் தட்டிப் பார்க்க எதுவுமில்லை. பார்க்கிலும் ரிவர்சிலும் டிரைவிலும் கம்பி ஒரே இடத்தில், ஒரே சாய்வில் நிற்கிறது. தொட்டால் தெரிவதில்லை, பார்த்தால்தான் தெரியும், அதுவும் கம்பியைப் பார்த்தால் அல்ல, மீட்டரிலுள்ள எழுத்தைப் பார்த்தால். கைக்கு இருந்த அறிவு கண்ணுக்கு மாற்றப்பட்டுவிட்டது. மாற்றியவர்கள் அதை ஓட்டுநரிடம் உரக்கச் சொல்லவில்லை. நீளக் கம்பிக்கும் குட்டைக் கம்பிக்கும் உள்ள ஆழமான வேற்றுமை இதுதான் என்று நினைக்கிறேன். மற்றதெல்லாம் வசதி பற்றிய பேச்சு.

குட்டைக் கம்பியைச் செய்பவர்கள் இந்தக் குறையை அறியாதவர்கள் அல்லர். மெர்சிடசில் எஞ்சினை அணைத்தால் கியர் தானாகப் பார்க்குக்குப் போகும். டிரைவிலோ ரிவர்சிலோ நிற்கும் வண்டியில் ஓட்டுநர் கதவைத் திறந்தாலும் போகும். ஐயோனிக் 5-ஐ அணைத்தாலும் பார்க் தானே விழும். 2016-இல் திரும்ப அழைத்த வண்டிகளுக்குச் செய்த சிகிச்சையும் இதுவே: ஓட்டுநர் இறங்கினால் தானே பார்க் போடும் மென்பொருள். நீளக் கம்பியால் செய்ய முடியாத காரியம் இது. கையால் நகர்த்தாத இரும்பு தானே நகராது. ஆகவே மறதிக்காரரைக் காப்பதில் குட்டைக் கம்பி மேல். தன் வேலையைத் தானே சரிபார்க்கும் ஓட்டுநருக்கு நீளக் கம்பி மேல். எல்லோரும் ஒருநாள் மறதிக்காரர்களே என்பதால், நல்ல மென்பொருளோடு வரும் குட்டைக் கம்பிக்கே இந்த இடத்தில் என் வாக்கு. நல்ல மென்பொருளோடு என்பதை அடிக்கோடிட்டுப் படிக்கவும்.

பிரேக் மிதிக்காமல் பார்க்கிலிருந்து கியரை எடுக்க முடியாத பூட்டு இரண்டுக்கும் பொது. நிறுத்திவைத்த காருக்குள் விளையாடும் குழந்தை கம்பியை இழுத்து வண்டி உருண்ட விபத்துகளுக்குப் பின், 2008-இல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. 2010 செப்டம்பர் முதல் தயாரான கார்களில் அந்தப் பூட்டு கட்டாயம். அதற்கு முந்தைய நீளக் கம்பி வண்டியை இன்றும் யாராவது வைத்திருந்தால், சாவியோடு குழந்தையை உள்ளே விடவே கூடாது.

ஓட்டும் சுகத்தில் நீளக் கம்பிக்கு ஒரு மரியாதை உண்டு. குறுகிய தெருவில் மூன்று தடவை முன்னும் பின்னுமாக வாங்கித் திருப்பும்போது, கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமலே இழுத்து ஏற்றினால் ரிவர்ஸ், தளர்த்தி இறக்கினால் டிரைவ் என்று கை தானே செய்யும். கொஞ்சம் அதிகமாக இறக்கிவிட்டால் டிரைவைத் தாண்டி லோவில் விழும். எஞ்சின் சத்தம் உடனே காட்டிக்கொடுத்துவிடும். குட்டைக் கம்பியில் இரண்டு விரல் போதும். ஆனால் வண்டி முழுக்க நிற்காமல் அவசரப்பட்டுத் தட்டினால் கணினி ஏற்காமல் போகலாம், அல்லது நியூட்ரலில் விட்டுவிடலாம். ரிவர்ஸ் விழுந்துவிட்டதாக எண்ணி ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி சும்மா நிற்கும். அதுவே சரிவாக இருந்தால் எதிர்த்திசையில் உருளும். தட்டிய பிறகு எழுத்து மாறியதா என்று பார்க்கும் அரை விநாடியைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

மலை இறக்கத்தில் நீளக் கம்பியின் கீழ்ப்படிகள், அதாவது 2, 1 அல்லது லோ, உயிர்காப்பவை. கொலராடோவின் பைக்ஸ் பீக் மலைச்சாலையில் இறங்கி வரும் வண்டிகளை நடுவழியில் நிறுத்தி பிரேக்கின் சூட்டை அளந்து பார்க்கிறார்கள். தாழ்ந்த கியரில் இறங்காதவர்களின் பிரேக் கொதித்திருக்கும். நீளக் கம்பியை இரண்டு படி இறக்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். குட்டைக் கம்பியில் அந்தப் படிகளே இல்லை. அந்த வேலை ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் துடுப்புப் பொத்தான்களுக்குப் போய்விட்டது. ஐயோனிக் 5 போன்ற மின்சாரக் காரில் அதே துடுப்புகள் மோட்டார் மூலம் வேகத்தைக் குறைத்துப் பேட்டரிக்கு மின்சாரம் சேர்க்கும் அளவைக் கூட்டிக் குறைக்கின்றன. ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கப்போகிறவர், கியர் கம்பியில் லோவைத் தேடிக்கொண்டிராமல் துடுப்புகளை வீட்டு வாசலிலேயே பழகிக்கொண்டு கிளம்பவேண்டும்.

பழுது விஷயத்தில் இரண்டும் வேறு வேறு உலகம். நீளக் கம்பி தேயும்போது சொல்லிவிட்டுத் தேயும். முதலில் ஆட்டம் கொடுக்கும், பிறகு பார்க்கில் விழ முரண்டு பிடிக்கும். கேபிள் நுனியிலுள்ள பிளாஸ்டிக் புஷ் உடைந்திருக்கும். சாதாரண மெக்கானிக் வண்டிக்கடியில் படுத்து ஸ்பேனரால் சரிசெய்துவிடுவார். குட்டைக் கம்பிக்கு ஸ்கேனர் வேண்டும். போனால் பாகம் முழுவதும் மாற்றவேண்டும். 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிட்டால் வண்டி பார்க்கிலேயே பூட்டிக்கொண்டு தள்ளவும் விடாது. பெரிய மின்சாரக் காரில்கூட இந்தச் சின்ன பேட்டரி தனியாக இருக்கிறது என்பதைப் பலர் அறிவதில்லை. மறுபக்கம், மூட்டுவலியும் மணிக்கட்டு வலியும் உள்ள முதியவருக்கு நீளக் கம்பியை இழுத்து ஏற்றுவது ஒவ்வொரு முறையும் வேதனை. குட்டைக் கம்பி அவருக்கு வரம். இதை வசதி என்று அலட்சியமாகச் சொல்லக் கூடாது. அவர் இன்னும் ஐந்து ஆண்டு தானே ஓட்ட முடிவதும் முடியாததும் இதில் இருக்கிறது.

குட்டைக் கம்பிக்கும் அடுத்தபடியாக, கம்பியே வேண்டாம் என்று போனவர்களும் உண்டு. டெஸ்லா 2021-இல் புதுப்பித்த மாடல் எஸ் காரிலும் 2023-இல் புதுப்பித்த மாடல் 3 காரிலும் கம்பியை நீக்கிவிட்டு, தொடுதிரையில் விரலைத் தேய்த்து கியர் மாற்ற வைத்தது. கை, கண் இரண்டும் சாலையையும் ஸ்டியரிங்கையும் விட்டுத் திரைக்குப் போகவேண்டும். இது முன்னேற்றம் என்று எனக்குத் தோன்றவில்லை. கியர் ஸ்டியரிங்கை விட்டு விலகாத இடத்தில் இருக்கவேண்டும் என்பதில் 1938-இன் பொறியாளர்கள் செய்தது சரி.

இரண்டையும் ஓட்டிப் பார்த்தவன் என்ற முறையில் என் முடிவு இது: இடம் என்று பார்த்தால் ஆட்டோமேட்டிக் கியருக்கு ஸ்டியரிங் தண்டைவிட நல்ல இடம் இல்லை. வகை என்று பார்த்தால், மேலும் கீழும் தட்டும் குட்டைக் கம்பியைவிடத் திருகும் கம்பி நல்லது. அது இண்டிகேட்டர் கம்பியைப்போல் அசைவதில்லை, சக்கரம் உருளும் திசையிலேயே திரும்புகிறது. நீளக் கம்பியிடமிருந்து அது இன்னும் ஒன்றைக் கற்கவேண்டும்: திருகிய நிலையிலேயே குமிழ் நிற்கட்டும், பார்க் மட்டும் தொட்டால் தெரியும்படி பதிந்து நிற்கட்டும். இதைச் செய்யத் தெரியாத பொறியாளர்கள் இருங்காட்டுக்கோட்டையிலும் இல்லை, சியோலிலும் இல்லை.

அதுவரை, குட்டைக் கம்பி வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிரேக்கை அழுத்தி வண்டியை முழுக்க நிறுத்துங்கள். பார்க் பொத்தானை அழுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். மீட்டரில் பார்க் எழுத்து எரிகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுப் பிரேக்கிலிருந்து காலை எடுங்கள். கதவை அதற்குப் பிறகு திறங்கள்.